ஈ-மெயிலுக்கும் ஒரு தபால் நகல்

பழைய பெருங்களத்தூர்,
10-1-1999, ஞாயிறு.

மதிப்பிற்குரிய தசரதன் மாமா அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தில் எழுதப்போவது அனைத்தும் உண்மை. நான் கண்ணால் பார்த்ததைப் பார்த்தபடியும், பிறர் சொல்லக் கேட்டதைக் கேட்டபடியும் எழுதுவேன் என்று முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். அக்கா மகள் தாட்சாயணியின் பணிவான வணக்கம். நாங்கள் மூவரும் சுகமே. புனேயில் குளிர் கடுமை என்று செய்தித்தாளில் படித்தேன், தாங்களும் அத்தையும் காதை மூடிக்கொண்டு வெளியே செல்லவும்.

"உங்க அப்பா அனுப்பிய புத்தாண்டு வாழ்த்து என் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒன்று, தபாலில் ஒன்று, அவை வந்தனவா என்று கேட்டு போனில் ஒன்று என மூன்று தடவை வந்தது. அங்கே என்னதான் நடக்கிறது? உங்க அம்மாவைக் கேட்டால் கூட்டிச் சொல்வாள், அப்பாவைக் கேட்டால் குறைத்துச் சொல்வார், நீ எழுது" என்று கேட்டிருந்தீர்கள். என்மேல் வைத்த நம்பிக்கைக்கு நன்றி.

மறைமலை நகரில் அப்பா வேலை பார்க்கும் ரப்பர் வளையத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாகத் தபால் பிரிவு அவர் பொறுப்பு என்பது தங்களுக்குத் தெரியும். வருகிற கடிதத்துக்கு எண் போட்டு, பதிவேட்டில் எழுதி, 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தி, மேனேஜர் கஸ்தூரிரங்கன் சாரிடம் வைத்து, பதில் வாங்கி அனுப்புவார். இதுவரை ஒரு கடிதம் காணாமல் போனதில்லை. போன நவம்பரில் கிண்டி தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கம்ப்யூட்டரும் ஓர் உத்தரவும் வந்தன. இனிமேல் கடிதப் போக்குவரத்தெல்லாம் ஈ-மெயிலில்தான். அம்பத்தூர் பம்பு கம்பெனிதான் நம்மிடம் அதிகம் வாங்குகிறது, அவர்கள் கடிதங்களுக்கு அன்றன்றே பதில் போக வேண்டும், டிசம்பர் முடிவில் அவர்களே வந்து பார்த்து மதிப்பெண் போடுவார்கள், மதிப்பெண் குறைந்தால் கிண்டியிலிருந்து கம்ப்யூட்டர் படித்த ஒருவர் வருவார், அரிகிருஷ்ணன், அதாவது அப்பா, ஓசூர் கிடங்குக்குப் போகலாம் என்று அதில் இருந்ததாம். நம் வீட்டுக்குப் போன வருடம்தான் பூச்சு வேலை முடிந்தது. எனக்கு மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. அன்று ராத்திரி அம்மா சாப்பிடவில்லை. அப்பா சாப்பிட்டார், ஆனால் என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் சொல்லியிருக்க மாட்டார்.

உத்தரவோடு அப்பாவை இரண்டு நாள் வகுப்புக்கும் அனுப்பினார்கள். தி.நகர் ஓட்டல் ஒன்றில், குளிர்சாதன அறையில், நேரத்தை எப்படி மிச்சம் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்தார்களாம். அந்த வகுப்பு ஒன்றரை மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது என்பதை உண்மையின் பொருட்டு எழுதுகிறேன். அப்பா ஒரு ஃபைலும் பெயர் எழுதிய அட்டையும் வாங்கி வந்தார். அட்டையைக் கழற்றாமலே இரவு சாப்பிட்டார். மறுநாள் காலண்டரின் பின்பக்கத்தில் நான்கு கட்டம் போட்டு வீட்டு வேலைகளைப் பிரித்து எழுதினார். அவசரமும் முக்கியமும் ஆனது, முக்கியம் ஆனால் அவசரமில்லாதது, அவசரம் ஆனால் முக்கியமில்லாதது, இரண்டுமில்லாதது. கேஸ் சிலிண்டர் முதல் கட்டத்தில், என் பரீட்சை இரண்டாவதில். அம்மா ஈரக் கையோடு வந்து நின்று மேலிருந்து கீழாகப் படித்தாள்.

"என் முட்டிவலி எந்தக் கட்டத்துல இருக்கு?"

அப்பா ஸ்கேலை எடுத்து வைத்தார். அம்மா அந்தத் தாளையே நான்காவது கட்டத்தில் போடச் சொன்னாள், இல்லாவிட்டால் போகிக்கு எரிக்க நன்றாக இருக்கும் என்றாள். இதோடு காலை ஐந்து மணி முதல் கால்மணி கால்மணியாக ஓர் அட்டவணையும் வந்தது. தண்ணீர் பிடிப்பது ஆறு மணி என்று அதில் இருந்தது. குழாயில் தண்ணீர் ஐந்தரைக்கு வந்து ஆறுக்கு நின்றுவிடுகிறது, அதற்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. மூன்று நாள் பக்கத்து வீட்டில் குடம் கடன் வாங்கிய பிறகு அட்டவணை திருத்தப்பட்டது.

இனி ஆபீஸ். அரையாண்டு விடுமுறையில் கம்ப்யூட்டருக்கான ஆங்கிலப் புத்தகத்தைப் படித்துச் சொல்ல அப்பா என்னையும் அழைத்துப் போனார், ஆதலால் இனி வருவது பெரும்பாலும் நான் பார்த்தது. அப்பா ஈ-மெயிலைக் கண்டு பயப்படவில்லை மாமா. அதுவும் கடிதம்தானே என்று கடிதத்துக்குச் செய்யும் மரியாதை எல்லாம் அதற்கும் செய்தார். ஈ-மெயில் வந்ததும் அச்சடிப்பார். தாளின் ஓரத்து ஓட்டைப் பட்டையைக் கிழித்து, எண் போட்டு, பதிவேட்டில் எழுதி, முத்திரை குத்தி, மேனேஜர் அறைக்கு அனுப்புவார். பதிலை டைப் செய்து ஈ-மெயிலில் அனுப்பிய பின், அதையே அச்சடித்து, 'இது ஈ-மெயிலின் தபால் நகல்' என்று தலைப்பில் எழுதி, உறையில் போட்டு ஒட்டிவிடுவார். தந்தி கொடுத்தாலும் பின்னாலேயே தபாலில் நகல் போகும், ஃபேக்ஸ் அனுப்பினாலும் போகும், ஈ-மெயில் மட்டும் என்ன ஒசத்தி என்பது அவர் கேள்வி. அதன் பிறகு போன் செய்து கிடைத்ததா என்று கேட்பார்.

தொல்லை இங்கேதான் ஆரம்பித்தது. ஆபீசுக்கு இருப்பது ஒரே போன் லைன். கம்ப்யூட்டர் இன்டர்நெட்டில் இருந்தால் போன் வேலை செய்யாது, போனை எடுத்தால் இன்டர்நெட் அறுந்துவிடும். ஈ-மெயில் அனுப்பி முடித்து அப்பா அம்பத்தூருக்கு போன் போடுவார், அவர்களுக்கும் ஒரே லைன், "நீங்க போனை வெச்சாதான் சார் மெயில் வந்துச்சான்னு பாக்க முடியும்" என்பார்கள். அப்பா வைப்பார். ஐந்து நிமிடம் கழித்து, பார்த்தார்களா என்று கேட்கத் திரும்பவும் எடுப்பார். இப்படி ஒரு ஈ-மெயில் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. இதையெல்லாம் கவனித்த கஸ்தூரிரங்கன் சார், டிசம்பர் பத்தாம் தேதி கூப்பிட்டு, இனிமேல் அச்சடிக்கக் கூடாது, பதிவேடு கூடாது, தபால் நகல் கூடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நீங்க இப்பிடியே பண்ணிட்டிருந்தா ஓசூர் போறதை நான் தடுக்க முடியாது அரிகிருஷ்ணன் என்றாராம். அப்பா சரி சார் என்றார். அச்சடிப்பதை மேனேஜர் சாப்பிடப் போகும் நேரத்துக்கு மாற்றிக்கொண்டார். பதிவேட்டைப் பேப்பர் கட்டுக்கு அடியில் வைத்தார். எனக்கு இது சரியென்று படவில்லை. ஆனால் கேட்கவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

அம்பத்தூர்க்காரர்கள் வருவது முப்பத்தொன்றாம் தேதி மாலை நான்கு மணி என்று முடிவாகியிருந்தது. முப்பதாம் தேதி காலை கஸ்தூரிரங்கன் சார் அவர்களை முறையாக அழைக்க நேரிலேயே அம்பத்தூர் போனார். அவர் இல்லாத நேரத்தில் பாக்கியிருந்த ஒன்பது பதில்களையும் அனுப்பிவிட அப்பா திட்டமிட்டார். மூன்று தடவை இணைப்பு கிடைத்து மூன்று தடவையும் யாரோ வந்து போனை எடுத்து அறுத்துவிட்டார்கள். கடைசியில் அப்பா வாட்ச்மேன் பொன்னுரங்கம் அவர்களைக் கூப்பிட்டு, கேட்டை விட்டுவிட்டு போன் பக்கத்தில் காவல் நிற்கச் சொன்னார். அவர் லத்தியோடு வந்து நின்றார். கம்ப்யூட்டர் இணைப்புக்காகக் கீச்சிட்டு இரைந்தபோது இரண்டடி பின்வாங்கினார்.

"இன்னா சார், உள்ள எதையோ கட்டிப்போட்டு அடிக்கிறாப்புல கீது."

ஒன்பது பதில்களும் போயின. அப்பா ஒன்பதையும் அச்சடித்து மேஜைமேல் பரப்பி, நான் உறை ஒட்ட, பதிவேட்டைத் திறந்து எண் போட்டுக்கொண்டிருந்தார். மணி பதினொன்றரை. அப்போது கார் சத்தம் கேட்டது. கேட்டில் ஆள் இல்லாததால் யாரும் வந்து சொல்லவில்லை. கதவைத் திறந்துகொண்டு கஸ்தூரிரங்கன் சார் வந்தார், பின்னால் அம்பத்தூர் கம்பெனியின் செல்வமேரி மேடம் வந்தார். நாளைக்கு எதற்கு, இன்றைக்கே பார்த்துவிடலாமே என்று அந்த மேடம் உடனே புறப்பட்டுவிட்டாராம். அதைச் சொல்ல சார் அங்கிருந்தும் வரும் வழியிலும் பதினான்கு முறை போன் செய்திருக்கிறார்.

"ரெண்டு மணி நேரமா போன்ல யாருய்யா?"

"யாருமே இல்ல சார்," என்றார் பொன்னுரங்கம். "மெயிலு பேசிகினு கீது."

அதற்குள் சாரின் பார்வை மேஜைக்குப் போய்விட்டது. பதிவேடு, முத்திரை, ஒன்பது அச்சுத்தாள்கள், நாக்கில் கோந்து ருசியோடு நான். அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா எழுந்து நின்று சட்டைப் பையில் பேனாவைச் சொருகப் போய் இரண்டு தடவை தவறவிட்டார். ஓசூரில் பத்தாம் வகுப்புக்கு எந்தப் பள்ளியில் நடுவில் சேர்ப்பார்கள் என்று நான் யோசித்தேன். மாமா, எனக்கு அழுகை வந்தது உண்மை, அழவில்லை என்பதும் உண்மை.

செல்வமேரி மேடம் ஒரு தாளைக் கையில் எடுத்துத் தலைப்பைப் படித்தார். பிறகு தம்முடைய கைப்பையைத் திறந்து ஒரு கட்டுக் காகிதத்தை வெளியே எடுத்தார். எல்லாவற்றிலும் அப்பாவின் கையெழுத்தில் 'இது ஈ-மெயிலின் தபால் நகல்'.

"இதை அனுப்பறது நீங்கதானா சார்?"

அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

"எங்க ஆபீஸ்ல மெயிலைத் திறக்கிற பாஸ்வேர்டு ராஜாராமன் சாருக்கு மட்டும்தான் தெரியும். அவர் மலைக்கு மாலை போட்டு, லீவுல போய் மூணு வாரம் ஆகுது. அதுக்கப்புறம் நாங்க ஒரு மெயிலும் திறக்கல, போன்ல கேட்டவங்களுக்கு வந்துச்சுன்னு சொல்லி வெச்சோம். பதினெட்டு கம்பெனிக்கு நாங்க கடுதாசி போட்டோம். பதில்னு என் கைக்கு வந்து சேர்ந்தது உங்களோடது மட்டும்தான். இது என்ன முறைன்னு கேட்டுட்டுப் போகத்தான் இன்னிக்கே வந்தேன்."

 கஸ்தூரிரங்கன் சார் ஒரு நாற்காலியை இழுத்து மேடத்துக்குப் போட்டார்.

"இது எங்க சிஸ்டம் மேடம்," என்றார். "அரிகிருஷ்ணன், அந்த ரெஜிஸ்டரை மேடம்கிட்ட காட்டுங்க."

அப்பா காட்டினார். டிசம்பர் பத்தாம் தேதிக்குப் பிறகும் பக்கங்கள் தொடர்ந்ததைச் சார் கவனித்தார், மேடத்துக்காக அடுத்த பக்கத்தைத் தாமே திருப்பினார். மதிப்பெண் பத்துக்குப் பத்து. மேடம் எனக்கு ஒரு பால் பேனா கொடுத்தார், இந்தக் கடிதம் அதில்தான் எழுதப்படுகிறது. பொன்னுரங்கம் அவர்கள் மறுபடி கேட்டுக்குப் போகும்போது, மெயிலுக்கு லெட்டர் ஒத்தாசை பண்ணுது, பின்ன எதுக்கு மெயிலுன்னு என்னைக் கேட்டார்.  தங்களுக்குத் தெரிந்தால் எழுதவும்.

ஆகவே மாமா, கவலைப்பட ஒன்றுமில்லை. ஓசூர் கிடையாது, பள்ளி மாறவில்லை, அம்மா நன்றாகச் சாப்பிடுகிறாள், அப்பா சாப்பிடுவது என்னவென்று தெரிந்து சாப்பிடுகிறார். தங்களுக்கு வாழ்த்து மூன்று வழியில் வந்த காரணமும் விளங்கியிருக்கும். மறுமுறை தபால் நகல் வந்ததும் அது கிடைத்தது என்று ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டால் அப்பா போன் செய்ய மாட்டார். அத்தைக்கு என் அன்பு, குட்டிப் பாப்பாவுக்கு முத்தங்கள். பொங்கல் பானை போல் தங்கள் வீட்டில் எல்லாம் நிறைந்து வழிய வேண்டுகிறேன்.

தங்கள் பிரியமுள்ள,
அ. தாட்சாயணி,
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு.

பின்குறிப்பு: 12-1-99, செவ்வாய். இதை ஒட்டுவதற்குள் விஷயம் மாறிவிட்டதால் மேலே 'ஓசூர் கிடையாது' என்று எழுதியதை உண்மையின் பொருட்டுத் திரும்பப் பெறுகிறேன். நேற்று கிண்டியிலிருந்து ஈ-மெயில் வந்தது. அம்பத்தூர் கம்பெனி பாராட்டிய கடித முறையை ஓசூர் கிடங்கிலும் நிறுவ அரிகிருஷ்ணன் அவர்களே தகுந்தவர், ஆதலால் பதினெட்டாம் தேதி அங்கே பணியில் சேர வேண்டியது என்று இருந்தது. அப்பா அதை அச்சடித்து, எண் போட்டு, முத்திரை குத்தி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அம்மா படித்துவிட்டு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். அப்பா அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "எதுக்குப் பதறுற? மெயில்ல வந்தா அது சேதி. தபால்ல காப்பி வந்தாதான் உத்தரவு." கிண்டியிலிருந்து தபால் நகல் வருமா என்று நான் கேட்டேன். அவர்கள் காகிதம் மிச்சம் பிடிக்க அதை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது என்றார். கஸ்தூரிரங்கன் சாரைக் கேட்டதற்கு அவரும், தபாலில் தமக்கு ஒன்றும் வரவில்லையே என்று ஜன்னல் வெளியே பார்த்தபடி சொன்னாராம். இன்று காலை அப்பா கிண்டிக்குப் பதில் அனுப்பினார்: 'தங்கள் ஈ-மெயில் கிடைத்தது. தபால் நகல் கிடைத்தவுடன் ஓசூர் புறப்படுகிறேன்.' பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக, இந்தப் பதிலை மட்டும் அவர் அச்சடிக்கவில்லை, தபாலில் போடவில்லை, வந்து சேர்ந்ததா என்று போன் செய்து கேட்கவுமில்லை. இதற்கு மேல் எழுத இன்னும் இருக்கிறது, ஆனால் நாளை பள்ளிக்கூடம் என்று அம்மா விளக்கை அணைத்துவிட்டாள்.