நகக்கண் அக்காவின் கட்டைவிரல்

மனிதர்களுக்கு முகம் என்று ஒன்று இருப்பதையே நம்பாதவர் மலேசியாவின் கோலா கெடா படகுத்துறையில் ஒரே ஒருவர்தான்: எங்கள் நகக்கண் அக்கா. லங்காவித் தீவுக்குப் போகும் ஃபெரிக்கு அவர் டிக்கெட் கொடுத்தார்; நான் பக்கத்துக் கவுண்டர். கண்ணாடி முழுக்க விளம்பரம் ஒட்டிவிட்டதால், கீழேயுள்ள ஓட்டை வழியாக நீளும் கை மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். நான் சலித்துக்கொண்டேன். அக்கா நகங்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

"தம்பி, நகத்த கடிக்காத லா. ஓரத்துச் சதை எப்படி வீங்கியிருக்கு பாரு."

மருதாணி மாறாத புதுமாப்பிள்ளையின் கை வந்தால், "கட்டைவிரல்ல வெள்ளையா பிறை தெரியுதுல்ல? அதுதான் வேரோட நுனி. நகம் அங்கேருந்துதான் வளருது, பத்திரம்" என்பார்.

"அக்கா, ஃபெரி போயிடும்!" என்று வரிசை கத்தும்.

"வெளிய தெரியுற நகம் செத்தது, வெட்டினா வலிக்காது. உயிரெல்லாம் அடியிலதான்" என்று பாடத்தை முடித்த பிறகே டிக்கெட்டைத் தள்ளுவார்.

ஒருநாள் காலையில் கவுண்டரின் இரும்புக் கதவு நழுவி அவருடைய கால் கட்டைவிரலில் விழுந்தது. அவர் போட்ட அலறலில், புறப்பட்ட ஃபெரி திரும்பி வந்துவிட்டது என்று இன்றும் சொல்கிறார்கள். நகம் கறுத்து, சில வாரங்களில் கழன்று விழுந்தது. வேர் நசுங்கியிருந்தால் புது நகம் வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

அதன்பின் அக்கா நகத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. கை வரும், டிக்கெட் போகும். வரிசை சரசரவென நகர்ந்தது. யாருக்கும் அது பிடிக்கவில்லை. துறை வாசலில் பரோட்டா மாதிரி வீசிச் சுடும் ரொட்டி சானாய் கடை வைத்திருக்கும் காசிம் அண்ணன், பயணமே இல்லாமல் வரிசையில் நின்று கையை நீட்டினார்.

"எத்தனை டிக்கெட்?" என்றார் அக்கா.

"டிக்கெட் வேணாம் தங்கச்சி. என் நகத்த கொஞ்சம் பாரேன்."

அக்கா பார்த்தார். "நகக்கண்ணு பூரா மாவு! இந்தக் கையாலயா ரொட்டி வீசுறீங்க?" என்றவர், அப்படியே அழ ஆரம்பித்தார். அண்ணன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பல மாதம் கழித்து, அக்கா செருப்பைக் கழற்றிக் காலை நாற்காலிமேல் தூக்கி வைத்து எல்லாரையும் கூப்பிட்டார். நகம் வந்திருந்தது. ஒரு பக்கமாகக் கோணி, மேடும் பள்ளமுமாக.

"எப்படி இருக்கு?"

"முன்னவிட அழகு, அக்கா" என்றோம்.

பொய் சொன்னதாக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.