விரல் பட்டதில் வந்த விருப்ப ஓய்வு

கிழக்கு கிட்வாய் நகர்,
புது தில்லி.
ஜனவரி 17, சனிக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய பத்ரி அத்திம்பேர் அவர்களுக்கு, மைத்துனன் சுந்தரேஷ் அநேக நமஸ்காரங்களுடன் எழுதுவது. குளிரைத் தவிர எங்களுக்கு இங்கே வேறு குறையில்லை. அங்கே தங்கள் முழங்கால் வலியும் அக்காவின் சர்க்கரையும் ஒரு கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் தாங்கள் போனில் கூப்பிட்டு, "வாடா சுந்து, கடைசியில உனக்கும் புத்தி வந்துதே! வி.ஆர்.எஸ். வாங்கிண்டயாமே! ஸ்ரீரங்கம் பூரா சொல்லியாச்சு" என்று சந்தோஷப்பட்டீர்கள். நான் பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. கோபித்துக்கொண்டு வைத்துவிட்டேன் என்று அக்கா நினைப்பதாக என் ஆத்துக்காரி ராஜம் சொல்கிறாள். அப்படி இல்லை. என் கன்னம் திரையில் இருக்கும் சிவப்பு வட்டத்தில் பட்டுவிட்டது, அவ்வளவுதான். அதனால்தான் இதைக் காகிதத்தில் எழுதுகிறேன். காகிதத்தில் கன்னம் பட்டால் ஒன்றும் ஆவதில்லை. அத்திம்பேர், நான் ஓய்வு பெறவில்லை. பெறுவதாக உத்தேசமும் இல்லை. எனக்கு இன்னும் இரண்டு வருஷம் நாலு மாதம் சர்வீஸ் இருக்கிறது. நடந்தது என்ன என்பதைத் தாங்கள் முழுவதும் தெரிந்துகொண்டு, ஸ்ரீரங்கம் பூராவுக்கும் மறுபடி சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நவம்பர் மாதத்தில் எங்கள் லோதி ரோடு ஆபீசில் மேஜைக் கம்ப்யூட்டர்களை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டு, ஆளுக்கொரு தொடுதிரைப் பலகை கொடுத்தார்கள். எலியும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. அதிலே ஒரு புது பிரௌசர். எல்லா வேலையும் அதற்குள்தான். கற்றுக்கொடுக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து ரோஹிணி என்று ஒரு மேடம் வந்தாள். நம்மவள்தான், ஆனால் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். என் பெயரைக் கேட்டதும், "டரோ மத் அங்கிள், பயப்படாதீங்க, இது ரொம்ப டச்-ஃப்ரெண்ட்லி. நீங்க எப்டி தொட்டாலும் அதுவே சமஜ் பண்ணிக்கும்" என்றாள். இருபது நிமிஷம் விரலை அப்படியும் இப்படியும் ஓட்டிக் காண்பித்துவிட்டு, அச்சா என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள். நான் எப்படித் தொட்டாலும் அது புரிந்துகொண்டது உண்மைதான். நான் நினைத்ததைத் தவிர மற்ற எல்லாவற்றையும் புரிந்துகொண்டது. முப்பத்து நாலு வருஷமாக விரலை நாக்கில் தொட்டுக் கோப்பு புரட்டியவன் நான். அந்தப் பழக்கத்தில் ஈர விரலை வைத்தால் திரை காய்ச்சல் கண்டதுபோல் நடுங்குகிறது. உலர்ந்த விரலை வைத்தால், தில்லிக் குளிரில் வெடித்த விரலை அது விரலென்றே ஒப்புக்கொள்வதில்லை. அழுத்தித் தொட்டால் வேறெதோ பட்டியல் இறங்குகிறது. ஓரத்திலிருந்து லேசாகத் தேய்த்துவிட்டாலோ முக்கால் மணி நேரம் நிரப்பிய படிவம் பின்பக்கமாகப் போய்விடுகிறது, திரும்பி வருவதில்லை. எழுத்தைப் பெரிதாக்க இரண்டு விரலால் விரிக்க வேண்டும் என்றாள். நான் இரண்டு கையாலும் துணி அளப்பதுபோல் விரித்துக்கொண்டிருந்ததைப் பக்கத்து மேஜை தீனா வீடியோ எடுத்து, பூசா ரோடு கிளை வரைக்கும் அனுப்பியிருக்கிறான். தீனா என்பவன் எனக்கு அடுத்த சீனியாரிட்டியில் இருப்பவன் என்பதைத் தாங்கள் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு நடுவில் டைரக்டர் எல்லோரையும் கூட்டி, ஒரு சுற்றறிக்கையைச் சுவரில் இருக்கும் பெரிய திரையில் காட்டச் சொன்னார். என் பலகையில் தொட்டால் அது சுவரில் தெரியும். தொட்டேன். வந்தது சுற்றறிக்கை இல்லை. அன்றைக்கு மத்தியானம் ராஜத்துக்காக நான் தேடிய 'குதிகால் வெடிப்புக்கு என்ன தடவலாம்' என்ற பக்கம். அதை மறைக்கப் போய் இரண்டு விரல் பட்டுவிட்டது. ஆறடி உயரத்துக்கு ஒரு குதிகால், வெடிப்புகளோடு, சுவர் நிறைய. இருபத்தாறு பேரும் தலை நிமிர்ந்து அதைப் பார்த்தார்கள். டைரக்டர் நிதானமாக, "சுந்தரேஷ்ஜி, ஆப் ரிட்டயர் க்யோன் நஹீன் ஹோ ஜாதே?" என்று கேட்டார். ஏன் ரிட்டயர் ஆகக்கூடாது என்று என்னிடம் கேட்கிறார், அத்திம்பேர்! அவர் வந்து பதினோரு மாதம்தான் ஆகிறது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இருக்கைக்கு வந்ததும் அதே பிரௌசரில் விருப்ப ஓய்வுப் படிவத்தைத் திறந்து, பெயர், பிறந்த தேதி, காரணம் எல்லாம் நிரப்பிக் கடைசிப் பக்கம் வரை போனேன். அங்கே பச்சையாக ஒரு பெரிய பட்டன். அதற்குள் கோபம் இறங்கிவிட்டது. இன்னும் இரண்டு வருஷ சர்வீஸ், இந்த வீடு எல்லாம் கண்முன் வந்தது. பட்டனைத் தொடவில்லை. கீழே இருந்த எதையோ தொட்டேன், பக்கம் மறைந்துவிட்டது. மறைந்ததெல்லாம் ஒழிந்தது என்று எண்ணி டீ குடிக்கப் போய்விட்டேன். இந்த பிரௌசரில் எதுவும் ஒழிவதில்லை, ஒன்றின் பின்னால் ஒன்றாக ஒளிந்துகொண்டு காத்திருக்கும் என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. என்னுடையதில் எழுபத்தொரு பக்கங்கள் அப்படிக் காத்திருந்தன.

போன வெள்ளிக்கிழமை, அதாவது ஒன்பதாம் தேதி, 'தொடுதிரை பிரௌசரைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டேன்' என்று ஒவ்வொருவரும் உறுதிமொழிப் படிவம் அனுப்பக் கடைசி நாள். மற்றவர்களெல்லாம் அனுப்பிவிட்டார்கள். நான் காலை முதல் தேய்த்தேன், தட்டினேன், விரித்தேன். சாயங்காலம் நாலரை மணிக்கு, தேய்த்த தேய்ப்பில் பக்கங்கள் சீட்டுக்கட்டுபோல் ஓடி, என் பெயரும் பிறந்த தேதியும் போட்ட ஒரு படிவமும் அதன் அடியில் ஒரு பச்சைப் பட்டனும் வந்து நின்றன. எழுத்து பொடிசு. பெரிதாக்கப் போனால் ஓடிவிடும் என்ற பயத்தில் படிக்காமலே தொட்டேன். 'நிச்சயமா?' என்று கேட்டது. ஆமாம் என்றேன். 'யோசித்துத்தான் சொல்கிறீர்களா?' என்றது. ஆமாம் என்றேன். மூன்றாவது தடவையும் ஏதோ கேட்டது, அதற்கும் ஆமாம். ஒரு தடவைகூடத் தவறாமல் என் விரலை அது மதித்தது, அத்திம்பேர். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக! எழுந்து நின்று, "முடிஞ்சுது! ஹோ கயா!" என்று கத்திவிட்டேன். செக்‌ஷன் முழுவதற்கும் சமோசா வரவழைத்தேன்.

திங்கட்கிழமை ஆபீசுக்குள் நுழைந்ததும் ஒவ்வொருவராக வந்து கை குலுக்கினார்கள். பதாயீ ஹோ, பதாயீ ஹோ என்று வாழ்த்து. ஒரு உறுதிமொழிப் படிவத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று நெகிழ்ந்துபோனேன். கணக்குப் பிரிவில் யாரோடும் பேசாத மனுஷர்கூட வந்து, "பெரிய முடிவு, எல்லோராலும் முடியாது" என்றார். "ரெண்டு மாசம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்" என்றேன். தீனா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்கிள், உங்களை ரொம்ப மிஸ் பண்ணுவேன், ஸச் மே, நிஜமா" என்றான். அவனுக்குத் தமிழ் சுமார், எதையோ மாற்றிச் சொல்கிறான் என்று விட்டுவிட்டேன். டைரக்டரோ வராந்தாவில் என்னைக் கட்டிக்கொண்டு முதுகில் தட்டினார். உடனே வேகமாகப் போய்விட்டார்.

புதன்கிழமைதான் விஷயம் வெளியே வந்தது. எங்கள் தளத்தைப் பெருக்கித் துடைக்கிற வேலம்மாள் என்று ஒரு அம்மாள், விழுப்புரம் பக்கத்தவள், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என் எதிரில் வந்து நின்றாள்.

"ஏன்யா, ஊருக்குப் போறீங்களாமே? யாரு என்னா சொன்னாங்க உங்கள?"

"நான் எங்கே போறேன், வேலம்மா?"

"வேலைய வுட்டுட்டீங்கன்னு பேசிக்கிறாங்க. நேத்து சாயங்காலம் நீங்க போன பொறவு தீனா சாரு உங்க நாற்காலில உக்காந்து ஏத்தி எறக்கிப் பாத்தாரு. உங்க குவாட்டர்சுக்கு ரெண்டு பேரு எழுதிக் குடுத்துட்டாங்களாம். உடம்பு கிடம்பு செரியில்லியாய்யா?"

பலகையைத் திறந்து வந்த கடிதங்களைப் பார்த்தேன். 'தங்கள் விருப்ப ஓய்வு விண்ணப்பம் ஏற்கப்பட்டது' என்று திங்கட்கிழமை காலை பத்து மணி ஏழு நிமிஷத்துக்கு வந்திருந்தது. ஏப்ரலில் நான் போக வேண்டும். மறுபடி ஒரு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தேன். முப்பத்து நாலு வருஷம், அத்திம்பேர். அத்தனை பேர் கை குலுக்கினார்களே, ஒருவர்கூட 'ஏன் போகிறீர்கள்' என்று கேட்கவில்லை. வேலம்மாள் ஒருத்திதான் கேட்டாள்.

வீட்டுக்கு வந்தால் ராஜத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது. யாரோ ஒரு குடும்பம் பகலிலேயே வந்து, பால்கனியில் செடி வைக்க இடமிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அக்காவிடம் போனில் சொன்னவள் அவள்தான். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே," என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, முகம் வெளுத்து, "அப்போ ஏப்ரல்லேருந்து தினமும் பகல்ல ஆத்துலயேவா இருப்பேள்?" என்றாள்.

இரண்டாவது கேள்வியில்தான் கவலை அதிகமாகத் தெரிந்தது. இரவெல்லாம் யோசித்து, உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். வியாழக்கிழமை காலை டைரக்டர் அறைக்குப் போய்க் கதவருகிலேயே நின்று, "ஸார், எனக்கு இந்த பிரௌசர் வரவில்லை. உறுதிமொழிப் படிவம் என்று நினைத்து விருப்ப ஓய்வை அனுப்பிவிட்டேன்" என்று இந்தியில் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். இடி விழும் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டார்.

"சுந்தரேஷ்ஜி, இது இந்த அறையை விட்டு வெளியே போகக்கூடாது" என்றார், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "நான் அதைப் படிக்கவே இல்லை. எழுத்தைப் பெரிதாக்கத்தான் இரண்டு விரல் வைத்தேன். 'ஏற்கப்பட்டது' என்று வந்துவிட்டது. யாரைக் கேட்பது? கேட்டால் டைரக்டருக்கே தெரியவில்லை என்று சிரிப்பார்கள். உங்களைக் கட்டிக்கொண்டேனே, அது வெட்கத்தில்."

அதற்குப் பிறகு எங்களுக்குள் மேலதிகாரி, கீழதிகாரி என்ற பேதமில்லை. என் பலகையை மேஜை நடுவில் வைத்து இரண்டு பேரும் குனிந்தோம். விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும் பக்கத்தை அவர் கண்டுபிடித்தார். நான் தேய்த்து அதைத் தொலைத்தேன். மறுபடி நான் கண்டுபிடித்தேன், அவருடைய சட்டைக் கை பட்டு அது போயிற்று. ஒன்றரை மணி நேரம் கழித்து, திரும்பப் பெறுவதற்குக் காரணம் கேட்கும் கட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். எழுத்தைத் தட்டித் தட்டி எழுதினால் பொழுது போய்விடும், ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுவிட்டுப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்றார். தொட்டேன். அந்த நேரம் பார்த்து அவர் மனைவியிடமிருந்து போன். "ஆமாம், அரைக் கிலோ பட்டாணிதானே, இளசாகப் பார்த்து வாங்கி வருகிறேன், ஜல்தி வந்துவிடுகிறேன்" என்று பேசி முடித்துத் திரும்பினார். அதற்குள் என் கட்டைவிரல் பச்சைப் பட்டனில் பட்டிருந்தது. அரசாங்கப் பதிவேட்டில் அத்திம்பேர், முப்பத்து நாலு வருஷ சர்வீஸ் உள்ள ஒருவன் தன் விருப்ப ஓய்வைத் திரும்பப் பெற்றதற்குக் காரணம் இளம் பட்டாணி அரைக் கிலோ என்று இருக்கிறது. அவர் தம் பலகையில், மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு விரலால், வேண்டுமென்றே 'ஏற்கப்பட்டது' என்று தொட்டார். இருவரும் டீ வரவழைத்துக் குடித்தோம்.

ஆக, நான் பழையபடி வேலையில் இருக்கிறேன். தீனா இரண்டு நாளாக என்னோடு பேசுவதில்லை. ராஜம் நேற்றுப் பாயசம் வைத்தாள். தாங்கள் தயவுசெய்து, சுந்து ஓய்வு பெறவில்லை, நல்ல திடத்தோடு பணியில் இருக்கிறான், நவீன சாதனங்களைக்கூட ஒருமாதிரி கைவசப்படுத்திவிட்டான் என்று எல்லோருக்கும் தெரிவிக்கவும். அக்காவுக்கு என் நமஸ்காரம். குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். எல்லோரும் தீர்க்காயுசோடும், கண் பார்வை குறையாமலும் இருக்க ரங்கநாதரைப் பிரார்த்திக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மைத்துனன்,
சுந்தரேஷ்

பி.கு.: இதைச் சனிக்கிழமை எழுதினேன். ஞாயிறு தபால் கிடையாதென்று பையிலேயே வைத்திருந்தேன். இன்று திங்கட்கிழமை காலை ஒரு ஆபீஸ் ஆர்டர் வந்திருக்கிறது. தொடுதிரை பிரௌசரில் ஒரு விண்ணப்பத்தை அனுப்புவதையும், அனுப்பியதைத் திரும்பப் பெறுவதையும் வெற்றிகரமாகச் செய்து முடித்த ஒரே ஊழியர் என்ற முறையில், எங்கள் இலாகாவின் பதினோரு கிளைகளுக்கும் என்னைத் தலைமைப் பயிற்சியாளராக நியமித்திருக்கிறார்கள். நாளை முதல் பூசா ரோடு கிளை. எண்பத்து நாலு பேர். சுவரில் பெரிய திரை. உடனே ராஜத்துக்குப் போன் செய்து, நிஜமாகவே ஓய்வு வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "வந்து தொலையுங்கோ, பகல்ல லைப்ரரிக்குப் போயிடுங்கோ" என்றாள். அதனால் மேலே எழுதியதில் ஒரு வரியையும் பொருட்படுத்த வேண்டாம், யாரிடமும் எதையும் மறுத்துச் சொல்லவும் வேண்டாம். விருப்ப ஓய்வுப் படிவத்தை மறுபடி திறந்து, இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தாகப் படித்து, என் வலது ஆள்காட்டி விரலால் நானே அனுப்பிவிட்டேன். முதல் தொடலிலேயே போயிற்று. கடைசியில், இந்த பிரௌசரைப் பயன்படுத்திய அனுபவம் எப்படி இருந்தது என்று கேட்டது. ஐந்து நட்சத்திரமும் கொடுத்தேன்.