கெட்டிச் சாயத்தின் நீல முட்டை

அருப்புக்கோட்டையில் நூலுக்குச் சாயம் போட்டவர்கள் எத்தனையோ பேர் உண்டு. போட்ட சாயத்தை ஒரே சலவையில் முழுசாகத் திரும்ப எடுத்துக் காட்டியவர் எங்கள் கெட்டிச் சாயம் ஒருவர்தான்.

இயற்பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும். நெசவாளிகளுக்கு நூலைக் கொடுக்கும்போதெல்லாம் நெஞ்சில் கை வைத்து, "கெட்டிச் சாயம்யா! வெள்ளாவியில வச்சாலும் அசையாது" என்பார். வெள்ளாவி வரைக்கும் போக வேண்டாம், வேர்வைக்கே அசையும். நெஞ்சில் வைத்த கை சட்டையில் அப்படியே பதிந்திருக்கும். அதைப் பார்த்துத்தான் இன்றைக்குத் தொட்டியில் என்ன கலர் ஓடுகிறது என்று தெரு தெரிந்துகொள்ளும்.

இவரைப் பற்றி எழுத எனக்குத் தனித் தகுதி உண்டு. என் மனைவியின் அத்தை வீட்டுக்காரர் அவர். எனக்குச் சித்தப்பா முறை. எங்கள் கல்யாணத்துக்கு, "மச்சான் மக முகூர்த்தச் சேலைக்கு என் சாயம்தான்" என்று ஒற்றைக் காலில் நின்றார். மயில் கழுத்து நீலம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

வைகாசி மாசம். மண்டபத்தில் கரண்ட் இல்லை. பக்கத்தில் ஓமம் எரிகிறது. மணப்பெண்ணுக்கு வேர்க்க வேர்க்க, ஒட்டி உட்கார்ந்திருந்த என் வெள்ளை வேட்டி நீலமாகிக்கொண்டே வந்தது. அக்கினியைச் சுற்றி முடிக்கையில் இடுப்புக்கு மேல் மாப்பிள்ளை, கீழே வேறு யாரோ. மல்லாங்கிணற்றிலிருந்து வந்திருந்த என் பெரியப்பா சத்தமாகவே கேட்டார்: "ஏலே, முகூர்த்தத்துக்குமா கைலி கட்டுவ?"

என் மாமனார் நெசவாளி. தறிக்காரன் வீட்டுக் கல்யாணத்தில் சாயம் போனால் அது சாதாரண விஷயமா? மணமேடையிலேயே கையை நீட்டிச் சொல்லிவிட்டார், "இனி இந்த ஆளு என் வாசப்படிய மிதிக்கக் கூடாது." அவருடைய தங்கச்சி, அதாவது என் சித்தி, அழுதுகொண்டே எழுந்தாள். "இவுக மிதிக்காத படிய நான் மட்டும் எப்படிண்ணே மிதிப்பேன்?" என்று புருஷன் பின்னால் போய்விட்டாள். இரண்டு வீடும் ஒரே தெரு. நடுவில் நாலே வீடு. நானும் மனைவியும் மாமனார் வீட்டோடுதான்.

அதற்கப்புறம் என் மனைவி மாசமானாள். வளைகாப்பு வந்தது. சித்திக்கு அழைப்பு இல்லை. வளையல் சத்தத்தையும் பெண்கள் சிரிப்பையும் அவள் தன் வீட்டுக் கொல்லையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாளாம். அதைப் பார்த்த கெட்டிச் சாயம் ஒரு முடிவுக்கு வந்தார். வேறு யாராவது என்றால் மச்சான் காலில் விழுந்திருப்பார்கள். இவர் கோழி வாங்கினார்.

போனில் ஏதோ வீடியோவில், நீல முட்டை போடுகிற கோழியைப் பார்த்திருக்கிறார். காரியாபட்டிப் பக்கம் ஒருவர் வளர்ப்பதாகக் கேள்விப்பட்டு, முட்டைக்கு வந்த கோழிகளாக மூன்றைக் கூடையில் போட்டு பஸ் ஏறிவிட்டார். கண்டக்டர் கோழிக்கு டிக்கெட் கேட்டார்.

"யோவ், இது சாதாக் கோழி இல்ல. நீல முட்டை போடும்."

"வழியில போட்டுச்சுன்னா அதுக்கும் சேத்து எடுங்க."

ஊர் வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, இது கடவுள் போட்ட சாயம். போகவே போகாது. பிள்ளத்தாச்சிக்குச் சத்து வேணும்ல? சாயம் போகாத பொருள் ஒண்ணு என் கையால அந்த வீட்டுக்குப் போயிரணும். அப்புறம் உங்க சித்தி தன்னால உள்ள போயிருவா." சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் அவர் செய்த காரியத்தில் அந்த இரக்கம் காணாமல் போனது.

முதல் முட்டை விழுந்தது. வெளிர் நீலம், வானத்தைப் பார்த்த மாதிரி. அதை ஏந்திக்கொண்டு தெருவில் ஓடி வந்தார். சாயக்காரர் கையில் நீல முட்டை என்றால் நெசவுத் தெரு நம்புமா? எதிர்வீட்டுக்காரர் நூலைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தார், மோந்தார். "நனைச்ச வெள்ளத் துணியில தேயுங்க, தெரிஞ்சிரும்" என்றார்.

"குடுய்யா, நானே தேய்க்கேன்!" என்று வாங்கினார் கெட்டிச் சாயம்.

அங்கேதான் பிழை. அன்று காலை முழுக்க நீலத் தொட்டியில் நூல் முக்கிவிட்டு, அந்தக் கையோடு வந்திருக்கிறார் மனுஷன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தேய்த்தார். துணி நீலமானது. இன்னும் அழுத்தித் தேய்த்தார். இன்னும் நீலமானது.

"அது கைச் சாயம்யா! முட்டைச் சாயம் இல்ல!" என்று அவர் கத்தியது அந்தச் சிரிப்பில் யாருக்கும் கேட்கவில்லை. மாமனார் தன் வாசலில் நின்றபடி தெருவைப் பார்த்துச் சொன்னார்: "கோழி நம்பி ஒரு முட்டை குடுத்தா, அதையும் சாயத்துல முக்கி எடுத்துட்டாக பாத்தீகளா."

மறுநாளிலிருந்து சித்தி முட்டையைத் தன் கையால் எடுத்து, முந்தானையில் பொதிந்து, கொல்லை வழியாக என்னிடம் கொடுத்தாள். என் மனைவி ஒன்றை உடைத்துவிட்டு, "அப்பா, இங்க பாருங்க, ஓட்டுக்கு உள்பக்கமும் நீலம்" என்று கொண்டுபோய்க் காட்டினாள். மாமனார் நகத்தால் சுரண்டினார். சோப்புத் தண்ணீரில் கொதிக்க வைத்தார். ஓடு அப்படியே இருந்தது. ஓட்டைக் கீழே வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"கோழிக்குத் தண்ணிக்குப் பதிலா சாயத்தக் குடுத்து வளக்காரு. நீ தின்னுறாத தாயி, பிள்ளை நீலமாப் பெறக்கும்."

"கிருஷ்ணர் மாதிரி இருந்துட்டுப் போகட்டும்ப்பா" என்று அவள் ஆம்லேட் போட்டுத் தின்றாள்.

பேச்சு கெட்டிச் சாயம் காதுக்குப் போனது. மறுப்பார் என்று பார்த்தால், மனுஷன் பயந்துபோனார். தன் சாயம் எங்கேயும் போகும் என்று ஊருக்குத் தெரிவதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரியும் அல்லவா! கோழிகளைச் சாயத் தொட்டியிலிருந்து தூரமாகக் கட்டினார். தினமும் எனக்குப் போன் வரும். "தம்பி, நெசமாவே தொட்டித் தண்ணியக் குடிச்சிருக்குமோ? பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

பிரசவத்தன்று ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா, "பிள்ளையச் சுத்தப் பழைய பருத்தித் துணி கொண்டாங்க. புதுசு வேணாம், உறுத்தும்" என்றார். மாமனார் வீட்டுக்கு ஓடி, பீரோவில் கைக்கு அகப்பட்டதை உருவிக்கொண்டு வந்தார். அது என் கல்யாண வேட்டி. கறையைப் போக்கப் பிளீச்சிங் பவுடரில் ஊறப்போட்டு ஊறப்போட்டுத் துணிதான் மெலிந்ததே தவிர, நீலம் இம்மியும் குறையவில்லை. பெண் குழந்தை. நல்ல சிவப்பு. அந்த வேட்டியில் சுற்றி மாமனார் கையில் கொடுத்தார்கள். கொடுத்த உடனே மகாராணி ஒண்ணுக்குப் போனாள்.

"ஐயையோ, சாயம்!" என்று மாமனார் அலறிப் பிரித்தார். குழந்தையின் தொடையில் ஒரு பொட்டு நீலம் இல்லை. நெசவாளி அல்லவா, விடுவாரா? குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு வேட்டியை முறுக்கிப் பிழிந்தார். சொட்டியது தெளிவாக இருந்தது.

ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே கெட்டிச் சாயமும் சித்தியும் உள்ளே வரப் பயந்து நின்றுகொண்டிருந்தார்கள். பிழிந்த வேட்டியோடு மாமனார் அவர்களிடம் போனார்.

"மாப்ளே, இது போகலையே."

வழக்கம்போல் நெஞ்சில் கை வைக்கவில்லை கெட்டிச் சாயம். தலையைக் குனிந்துகொண்டு, "சேலையில நிக்கல மச்சான். வேட்டியில நின்னுருச்சு" என்றார்.

மாமனார் தங்கச்சியின் கையைப் பிடித்தார். "உள்ள வா தாயி, பேத்தியப் பாக்க வேணாமா? அவரையும் கூட்டிட்டு வா. கையை மட்டும் கழுவிட்டு வரச் சொல்லு."

இப்போது இரண்டு வீட்டிலும் நீல முட்டைதான். கெட்டிச் சாயம் கையைக் கழுவிவிட்டுத்தான் பேத்தியைத் தூக்குகிறார். கழுவி என்ன பிரயோசனம்? முதல் தடவை தூக்கியபோதே அவளுடைய வெள்ளைக் கவுனில், முதுகுப் பக்கம், ஐந்து விரலும் பதிந்துவிட்டன. அந்தக் கவுனை வேட்டியோடு சேர்த்து மடித்து பீரோவில் வைத்திருக்கிறேன். இன்னும் துவைக்கவில்லை. அவர் சாயத்தை நம்ப முடியாது, துவைத்தால் போய்விடும்.