கலக்காத சில்வர் பெயிண்டும் என் கல்யாணமும்

கவலைப்படுகிறவன் கவனமாக இருப்பான் என்று உலகத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. என்னை வைத்துப் பார்த்தால் அது தவறு. கவலைப்படுகிறவனுக்குக் கவலைப்படவே நேரம் சரியாக இருக்கும். கவனத்துக்கு எங்கே போவான்?

திருவண்ணாமலையில், வேட்டவலம் ரோட்டு ஷெட் ஒன்றில் கார்களுக்கு பெயிண்ட் அடிப்பது என் தொழில். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பெண் பார்க்கப் போன இடத்தில் அது பேச்சாகிவிட்டது. பெண் தேவகி, பி.காம். அவள் அப்பா கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை வியாபாரி. (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்.)

"படிப்பு கம்மின்னா பரவால்ல மாப்ள, தொழில் சுத்தமா இருக்கணும்" என்றார் அவர். "நம்ம காரை உட்டுட்டுப் போறேன், அடிச்சுக் குடுங்க. பாத்துட்டு மேல பேசலாம்."

பெண்ணைக் கொடுப்பதாகச் சொல்லவில்லை. ஆனால் மாப்ள என்கிறார். இதில் எதை நம்புவது என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

கார் சில்வர் மெட்டாலிக். அது ஒரு சோம்பேறிப் பெயிண்ட். பளபளப்பைத் தருவது அதிலுள்ள அலுமினியத் தூள். சும்மா விட்டால் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் டின்னைக் கலக்க வேண்டும், அடிக்கிற ஸ்ப்ரே கன்னில் ஊற்றும்போதெல்லாம் கலக்க வேண்டும், நடுவில் நின்றால் கன்னையும் ஒரு ஆட்டு ஆட்ட வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்த தவறாக இருந்தால் குடும்பத்தில் எப்போதோ மறந்திருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை காலை, நல்ல நேரத்தில் கற்பூரம் ஏற்றினேன். (ஷெட்டுக்கு வெளியில்தான். உள்ளே தின்னர் இருக்கிறது.) டின்னைத் திறந்து, நன்றாகக் கலக்கி, பானெட்டை அடித்தேன். அருமையாக வந்தது. கன்னில் அடுத்த கப் ஊற்றப் போகும்போது மணியையும் சுவரில் இருந்த காலண்டரையும் பார்த்தேன். ராகு காலம் பிறந்திருந்தது.

ஆரம்பித்த வேலையை ராகு காலத்தில் தொடரலாம். புதிதாக எதையும் ஆரம்பிக்கத்தான் கூடாது. பெயிண்ட் அடிப்பது தொடர்ச்சி, சரி. ஆனால் டின்னுக்குள் மறுபடி குச்சியை விட்டுக் கலக்குவது? அது புது ஆரம்பம் ஆகிவிடாதா? என் கல்யாணமே இந்தக் காரில் இருக்கிறது. எதற்கு வம்பு என்று குச்சியைக் கீழே வைத்துவிட்டேன்.

பக்கத்தில் வேறொரு காரின் நசுங்கிய கதவைத் தட்டிக்கொண்டிருந்த டிங்கர் ரஹீம் பாய் பார்த்துவிட்டார்.

"டேய் வேலு, கலக்குடா. எல்லாம் அடியில குந்தியிருக்கும்."

"நல்ல நேரத்துல கலக்குனது பாய். அதுல போய் இப்ப குச்சிய உடச் சொல்றியா?"

"பெயிண்டுக்கு இன்னாடா ராவுகாலம்?"

"பெயிண்டுக்கு இல்ல பாய். எனக்கு."

பாய் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடி கதவைத் தட்டப் போய்விட்டார். அன்று அவர் தட்டிய தட்டில் கொஞ்சம் என் மேல் விழ வேண்டியது.

டின் குலுங்கினால்கூடக் கலக்கிய கணக்கில் வந்துவிடுமோ என்று, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி ஊற்றினேன். மேலே இருந்த தண்ணிப் பெயிண்ட் கதவுகளுக்குப் போயிற்று. அடியில் குந்தியிருந்த மினுமினுப்பு மொத்தமும் கடைசியாக டிக்கிக்குப் போயிற்று. ஷெட்டு இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. மேலே பளபளப்புக்குக் கிளியர் கோட்டும் அடித்து முடித்து, அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். நான் நிம்மதியாகத் தூங்கினால் ஏதோ தப்பு என்று அர்த்தம்.

மறுநாள் தேவகியின் அப்பா, அதாவது மாமா, வந்தார். டவுனில் புடவை எடுக்க வந்த தேவகியும் கூட. நானும் பாயும் காரை வெயிலுக்குத் தள்ளினோம்.

பானெட் வெள்ளியாக இருந்தது. கதவுகள் நனைந்த சாம்பல். டிக்கியில் ஜிகினாத் தாள் ஒட்டியதுபோல் ஒரே ஜொலிப்பு.

மாமா காரைச் சுற்றி வந்தார். கிரிவலத்தில்கூட அவ்வளவு மெதுவாக யாரும் நடந்து நான் பார்த்ததில்லை.

"மாப்ள, நான் ஒரு கார்தான உட்டேன்?"

"ஆமாங்க மாமா."

"மூணு நிக்குதே."

பாய் முந்திக்கொண்டார். "நான் அப்பவே சொன்னேங்க, கலக்குடான்னு. ராவுகாலத்துல கலக்க மாட்டேன்னுட்டான்."

மாமா திட்ட வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். மல்லாட்டை மூட்டையை லாரியில் ஏற்றவே காலண்டர் பார்க்கிறவராம் அவர். ராகு காலத்தை மதித்தவனை எப்படித் திட்டுவது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

தேவகிக்கு அந்தச் சங்கடம் எதுவும் இல்லை. "ஏங்க, தாலி கட்றப்ப நடுவுல ராவுகாலம் வந்தா, ஒரு முடிச்சோட நிறுத்திடுவீங்களா?"

நான் உண்மையாகவே யோசித்தேன். "இல்லீங்க. முதல் முடிச்சு நல்ல நேரத்துல போட்டாச்சுன்னா, மத்ததெல்லாம் தொடர்ச்சிதாங்க. போடலாம்."

அவள் ஜிகினா டிக்கியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கும்வரை மாமா மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேச்சுட்டு மறுபடி அடிங்க மாப்ள" என்றார் கடைசியில். "ராவுகாலத்துக்கு முன்னாடியே முடிச்சுடுங்க. அப்புறம் நிச்சயத்துக்கு நாள் பாக்கலாம்."

மறுபடி அடித்தேன். ஒவ்வொரு கப்புக்கும் பாய் குச்சியோடு என் பக்கத்திலேயே நின்றார். கல்யாணமும் முடிந்தது, மூன்று முடிச்சோடு.

இன்றைக்கும் தேவகி எனக்குச் சாம்பார் ஊற்றினால், பாத்திரத்தின் மேலே நிற்கும் தண்ணியை மட்டும் பதமாக மொண்டு ஊற்றுவாள். பருப்பும் முருங்கைக்காயும் அடியில் பத்திரமாக இருக்கும். மாமா விருந்துக்கு வந்திருந்தால் அவருக்கு முதலில் அடியிலிருந்து போகும்.

"கொஞ்சம் கலக்கி ஊத்தேன்" என்பேன்.

"ராவுகாலங்க" என்பாள். மணி என்னவாக இருந்தாலும்.