ரெண்டு காரும் ஒரு ஞாயித்துக்கெழமையும்

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். எனக்கு வலிதான் பிறக்கும். காரணம், மாமனார் ஊர். பரளச்சியில் தை மாதம் உளுந்து எடுப்பார்கள். பிடுங்கிக் காயவைத்த செடியைக் கம்பால் அடித்து உதிர்க்க வேண்டும். அதற்கு ஆள் வேண்டும். ஆள் என்றால் மாப்பிள்ளை.

கல்யாணமானதிலிருந்து ஆண்டுக்கு ஒரு நோய் சொல்லித் தப்பித்து வருகிறேன். முதுகு, முழங்கால், மூலம் எல்லாம் சொல்லி முடித்தாயிற்று. மனித உடம்பில் இதற்கு மேல் உறுப்பு இல்லை. அதனால் இந்த வருடம் நோயை விட்டுவிட்டு ஒரு தொழிலைப் பிடித்தேன்.

யூடியூப் சேனல். பெயர், 'பாளையம்பட்டி ஸ்பீடு'. நான் பாளையம்பட்டியில் பைக்குக்கு சீட் கவர் தைக்கிறவன். வண்டிகளைப் பற்றி உட்காரும் இடம் வரைக்கும் எனக்கு அத்துப்படி. மிச்சத்தைப் போகப்போகக் கற்றுக்கொள்ளலாம்.

என் மனைவி செல்வலட்சுமி வியாழக்கிழமையே ஆரம்பித்துவிட்டாள்.

"என்னங்க, ஞாயித்துக்கெழமை பரளச்சி போகணும். அப்பா ஒத்தையில கெடந்து அல்லாடுறாக. மழை வேற வருமாம். நனைஞ்சா உளுந்து மொளைச்சிரும். வருசப் பாடு அம்புட்டும் போச்சு."

"ஞாயித்துக்கெழமை எனக்கு முடியாது."

"இந்தத் தடவ எங்க வலி?"

"வலியெல்லாம் இல்ல. வேலை. சௌந்தர்கிட்ட ஒரு ஸ்போர்ட்ஸ் காரு கேட்டிருக்கேன். ஓட்டிப் பாத்து ஹேண்ட்லிங் எப்படின்னு வீடியோ போடணும்."

"அப்படின்னா?"

"திருப்புனா திரும்புதா, வழுக்குன எடத்துல புடிச்சு நிக்குதான்னு பாக்குறது."

"ஒரு தடவ ஓட்டுனாத் தெரிஞ்சிராதா?"

"ஒரு தடவையா! அதே ரோட்டுல போகணும், வரணும், திரும்பப் போகணும், திரும்ப வரணும். நாள் பூரா இதே சோலிதான்."

"நாள் பூராவா?"

"நாள் பூரா!"

செல்வலட்சுமி தன் போனை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "அப்பச் சரி. நீங்க உங்க வேலையப் பாருங்க. நான் மட்டும் போயிக்கிறேன்" என்றாள். இந்த வீட்டில் நான் இவ்வளவு சுலபமாக ஜெயித்ததே இல்லை. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டேன்.

சௌந்தர் என் நண்பன். அருப்புக்கோட்டையில் பழைய கார் வாங்கி விற்கிறவன். மறுநாள் அவனே போன் செய்தான்.

"ஏலே ஜெகதீசு, ஒரு காரு என்னத்துக்கு? எங்கிட்ட செவப்புல ஒண்ணும் மஞ்சள்ல ஒண்ணும் நிக்கி. ரெண்டையும் ஓட்டி, எது ஒசத்தின்னு ஒப்பிட்டுப் போடு. அப்பத்தான் நாலு பேரு பாப்பான். ரோடும் நானே பாத்துட்டேன். திருச்சுழி வழியா ஒரு கிளை ரோடு. ஈ காக்கா கெடையாது."

"பரளச்சிப் பக்கமா?"

"பரளச்சி எங்கிட்டு இருக்கு, இது எங்கிட்டு இருக்கு!"

ஒன்று கேட்டால் இரண்டு தருகிறான். நட்புக்கு இலக்கணம் இவன்தான் என்று பூரித்துப்போனேன். ரோட்டைப் பற்றி மேற்கொண்டு விசாரிக்கத் தோன்றவில்லை. விசாரித்தாலும் விளங்கியிருக்காது. பரளச்சியில் எனக்குத் தெரிந்தது பஸ் நிற்கும் இடமும் மாமனார் வீட்டுக் கட்டிலும்தான். அவர் உளுந்துக் காட்டுப் பக்கம் நான் எட்டிப் பார்த்ததே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிவப்பை நானும் மஞ்சளை அவனும் ஓட்டிக்கொண்டு போனோம். அந்தக் காரில் ஏறினேன் என்று சொல்ல முடியாது. கிணற்றுக்குள் இறங்குவது போல இறங்கினேன். திருச்சுழி தாண்டிக் கிளை ரோட்டில் திரும்பினால், கரிசல் காட்டுக்கு நடுவில் ரோட்டையே காணோம். கண்ணுக்கு எட்டிய தூரம் காய்ந்த உளுத்தஞ்செடியைப் பரப்பியிருந்தார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் மிதித்து உதிர்த்துவிட்டுப் போகட்டும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான்.

"ஏலே சௌந்தரு, இதுல எப்படி ஓட்ட?"

"கூறு கெட்டவனே, இதுதான் டெஸ்ட்டு! வெளிநாட்டுக்காரன் ஐஸ் கட்டியில ஓட்டிக் காட்டுறான். அருப்புக்கோட்டைத் தாலுகாவுல ஐஸுக்கு எங்க போக? உளுந்துல ஓட்டு."

அவன் அறிவை மெச்சினேன். அவன் ஒரு வேப்ப மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டான்.

நான் செல்போனைக் கண்ணாடிக்கு முன்னால் ஒட்டவைத்துப் பேச ஆரம்பித்தேன். "நண்பர்களே, சிவப்பு வண்டி சீறுது, ஆனா வளைவுல வால் ஆடுது." போனேன், வந்தேன். மஞ்சளுக்கு மாறினேன். "நண்பர்களே, மஞ்சள்ல டயர் அகலம். தரையைக் கவ்விப் பிடிக்குது." போனேன், வந்தேன்.

ரோட்டோரத்தில் ஐந்தாறு பெண்கள் தூசிக்குப் பயந்து தலையும் முகமும் துண்டால் மூடியிருந்தார்கள். சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை. அதில் ஒருத்தி கையில் கம்போடு நின்று, நான் போனதும் செடியைப் புரட்டிப் போட்டாள். வாய் திறக்கவில்லை. கம்பாலேயே சைகை காட்டினாள். ஓரமாகப் போ என்றால் போனேன். பின்னால் வா என்றால் வந்தேன். ஒரு கலைஞனுக்கு ரசிகர்கள் முக்கியம். அவள் போட்டிருந்த நீலக் கட்டம் போட்ட சட்டை மாதிரி என்னிடமும் ஒன்று உண்டு. நல்ல ரசனை உள்ள பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொருத்தி முத்துத்தாய் என்று பெயர் சொல்லிக் கார் சன்னலிலேயே வந்து பாராட்டினாள்.

"தம்பி, மஞ்ச வண்டி என்னமா மிதிக்கி! இன்னொரு தரம் வாங்க சாமி."

கேட்ட பிறகு போகாமல் இருக்க முடியுமா? மத்தியானச் சோற்றைக்கூட மறந்து ஓட்டினேன்.

சாயங்காலம் கிழக்கே மேகம் கறுத்தது. பெண்கள் காய் உதிர்ந்த தட்டையை ஒதுக்கிவிட்டு, உளுந்தைக் கூட்டிச் சாக்கில் அள்ளித் தார்ப்பாயால் மூடினார்கள். கடைசிச் சாக்கு மூடியதும் தூறல் விழுந்தது. நான் மஞ்சள் காருக்கு அடியில் படுத்து, அதன் வயிற்றில் சுற்றியிருந்த செடியை உருவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இரண்டு கால்கள் வந்து நின்றன. ஒரு செம்பு மோர் கீழே இறங்கி வந்தது.

"எந்திரிங்க. குடிச்சிட்டு உருவலாம்."

நீலக் கட்டம் போட்ட சட்டை. என்னிடமும் ஒன்று உண்டு என்றேனே, அந்த ஒன்றேதான். துண்டை அவிழ்த்தால் செல்வலட்சுமி.

"நீயா? இது யாரு காடு?"

"உங்க மாமனாரு காடுதான். ஒரு வருசமாச்சும் வந்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

அதற்குள், நாள் முழுக்கக் காட்டுக்குள்ளேயே இருந்த மாமனார் முத்துராமலிங்கம் ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "மாப்ளே, ஒரு பொட்டு நனையல மாப்ளே. இன்னைக்கு மட்டும் நீங்க வரலேன்னா அம்புட்டும் மண்ணாப் போயிருக்கும்." அவர் கண் கலங்கியிருந்தது. உள்ளங்கை கம்பு பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போய்க் கிடந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டையும் மறைக்க மோரைக் குடித்தேன்.

"மஞ்சதாங்க நல்ல வண்டி" என்றாள் செல்வலட்சுமி. "செவப்புல சத்தம்தான் பெருசு. அது போன எடத்துல பாதிக் காயி ஒடையல."

நாள் முழுக்க ஓட்டி, தொண்டை வறளப் பேசி, நான் வீடியோவில் சொன்ன தீர்ப்பும் அதுதான். எனக்கு ரோஷம் வந்தது.

"சரி, நீ சௌந்தரைப் புடிச்சு ரோட்டை மாத்திட்ட. ஒத்துக்கிறேன். ஆனா ரெண்டு காரை ஒப்பிட்டுப் பாக்குறது தொழில் நுணுக்கம். அது எங்க ரெண்டு பேரு யோசனை. அதுல உனக்குப் பங்கு இல்ல."

அவள் தார்ப்பாயின் ஓரத்தைக் கட்டிக்கொண்டே சொன்னாள்:

"ஒத்தக் காருன்னா மத்தியானத்தோட சலிச்சுப்போயிக் கெளம்பிருவீக, பாதிச் செடி அப்படியே கெடக்கும். அதான் சௌந்தர் அண்ணன்கிட்ட ரெண்டாக் கேட்டேன்."