கரடி பிழைக்குமா?

தமிழ் சினிமாவில் இவரளவுக்குச் செத்தவர் யாரும் கிடையாது. துப்பாக்கியால், கத்தியால், லாரியால், ஒரு படத்தில் கதாநாயகன் முறைத்த முறைப்பாலேயே செத்திருக்கிறார். இடைவேளையைத் தாண்டி இவர் உயிரோடு இருந்து நாங்கள் பார்த்ததில்லை. அதனால் அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருவுக்கே இவர் 'இன்டர்வல் சார்'.

வயதாகி, முட்டி தேய்ந்து, கீழே விழ முடியாமல் போன பிறகு டப்பிங் பேசப் போனார். அங்கேயும் சாகிற வேலைதான். வெளிநாட்டுப் படங்களில் யார் அலறிச் செத்தாலும் தமிழில் அலறுவது இவர். மொட்டைமாடியில் பயிற்சி நடக்கும். ஒருநாள் காலை இவர் போட்ட அலறலில் எதிர்வீட்டுக்காரர் ஆம்புலன்ஸையே வரவழைத்துவிட்டார். ஸ்ட்ரெச்சரோடு மூச்சிரைக்க மேலே வந்தவர்களிடம், "நெஜமாவே செத்த மாரி இருந்துச்சா?" என்று கேட்டு, காபி கொடுத்து அனுப்பினார் சார்.

அவர் மனைவி மேரி டீச்சர் மட்டும் அவர் படம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. "கட்டின புருஷன் சாவறதை டிக்கெட் வாங்கி வேற பாக்கணுமா?" என்பார். நியாயம்தானே! ஆனால் சாருக்கு அது பெரிய குறை.

இப்படியிருக்க, ஒரு கார்ட்டூன் படத்தில் கரடிக்குப் பேசும் வாய்ப்பு வந்தது. பெரிய வேஷம். "இந்தக் கரடி சாவாது மேரி, நீ வர்றே" என்று சத்தியமே செய்துவிட்டார். டீச்சரும் தலையாட்டிவிட்டார்.

அங்கேதான் வந்தது வினை. கதை வெளியே கசியக் கூடாதென்று டப்பிங் பேசுகிறவருக்கு முழுப் படத்தைக் காட்டமாட்டார்களாம். திரையெல்லாம் கறுப்பு, கரடியின் வாய் மட்டும் தெரியும். காட்சிகளும் வரிசை மாறி முன்னும் பின்னுமாக வரும். கடைசி நாள் பேசிவிட்டு வந்தவரின் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன ஆச்சு சார்?" என்று கேட்டேன்.

"மலை மேலேர்ந்து வுழுந்துட்டேன் சார். பெருசா ஒரு கத்து கத்தச் சொன்னாங்கோ. கரடி பொழைக்குமான்னு கேட்டா, 'தியேட்டர்ல பாருங்க'ன்றாங்கோ. மேரிக்கு இன்னா சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாதீங்க. கூட்டிட்டு வாங்க. நாங்களும் வர்றோம்."

தெருவே குரோம்பேட்டைக்குக் கிளம்பியது. தியேட்டரில் இரண்டு வரிசை நாங்கள்தான். கரடி வாயைத் திறந்ததும் எதிர்வீட்டுக்காரர் பெருமை தாங்காமல் முன்சீட்டு ஆளைத் தட்டி, "எங்க தெரு கரடி சார்!" என்றார். இடைவேளை வந்தது. கரடி உயிரோடு இருந்தது. அதற்கே விசில் பறந்தது.

பிறகு அந்த மலை வந்தது. கரடி விழுந்தது. சார் கத்திய கத்தில் தியேட்டரே கப்சிப். டீச்சர் கைப்பையோடு எழுந்துவிட்டார். "போலாங்க. என்னால முடியாது."

"கொஞ்சம் இரு மேரி" என்றார் சார், கெஞ்சுகிற குரலில்.

பாறை விளிம்பில் ஒரு பாதம் தெரிந்தது. அப்புறம் இன்னொன்று. எந்தக் காட்சிக்கென்றே தெரியாமல் சார் என்றோ கொடுத்த மூச்சிரைப்போடு கரடி மேலே ஏறி வந்தது. நாங்கள் போட்ட கூச்சலில் அடுத்த வசனம் யாருக்கும் கேட்கவில்லை.

டீச்சர் மெல்ல உட்கார்ந்தார். சாரின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை பார்த்தார். விளக்கு போட்டதும் அவரை ஏதோ புது ஆளைப் போலப் பார்த்து, "ஏங்க, நீங்க இவ்ளோ நல்லா நடிப்பீங்களா?" என்று கேட்டார்.

சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு விசிலடிக்க வராது. தட்டித் தட்டி உள்ளங்கை இரண்டும் சிவந்துபோயிருந்தன. நம்ம சார் இல்லையா!