எல்லோருக்கும் சர்க்கரை இருக்கிறது

எந்தத் திசையில் நடந்தாலும் போய்ச் சேர முடியாத பாகுநாட்டில், தினமும் வீட்டுக்கு வீடு ஒரு சொம்பு பாயசம் தருவதாகச் சொல்லித் தேர்தலில் ஜெயித்து ஒருவர் மன்னரானார். சொன்னதைச் செய்தும் விட்டார். வினையே அதுதான்.

சில வருடங்களில் ஊர் உப்பியது. தாகம் அடங்கவில்லை, காலில் பட்ட காயம் ஆறவில்லை. அரசாங்க ஆராய்ச்சி மருத்துவர் அல்லி, ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுத்துச் சோதித்துவிட்டு அவைக்கு வந்தாள்.

"ஐயா, பாயசத்தை நிறுத்துங்கள். போகிற இடமெல்லாம் 'எனக்குச் சர்க்கரை இருக்கு' என்கிறார்கள்."

பாயசத்துறை அமைச்சர் பரிதிவாணருக்குக் கண் கலங்கிவிட்டது. "கேட்டீர்களா மன்னா! எல்லோருக்கும் சர்க்கரை இருக்கிறதாம்! இல்லாதவர்கள் யாராவது உண்டா அம்மா?"

"கொஞ்சம் பேருக்கு இல்லை."

"அடப் பாவமே!"

அன்றைக்கே ஆணை பிறந்தது: சர்க்கரை இல்லாதவர்களுக்கு இரண்டு சொம்பு. அல்லியின் தம்பி மருதன் அந்தக் கொஞ்சம் பேரில் ஒருவன். மறுப்பது ராஜத்துரோகம் என்பதால், காவலர் பார்க்கக் குடித்தான்.

பிறகு பாதங்கள் மரத்தன. தூக்கத்தில் எலி விரலைத் தின்றால்கூட, விடிந்து பாயில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். ஒருவரும் அலறவில்லை. அமைச்சரோ 'வலியே இல்லாத நாடு' என்று விழா எடுத்து, அந்தச் சந்தோஷத்தில் பாயசத்துக்கு இன்னும் கொஞ்சம் வெல்லம் சேர்க்கச் சொன்னார். எலிகளைப் பற்றி ஆணை எதுவும் இல்லை.

மருதனின் பாதத்தில் புண் வந்து கறுத்தது. அல்லி அவையில் நின்று அழுதாள். "என் தம்பிக்கு மட்டுமாவது நிறுத்த விடுங்கள் ஐயா. இல்லையென்றால் அவன் காலையே எடுக்க வேண்டி வரும்."

"ஒருத்தருக்காகச் சட்டத்தை வளைக்க முடியாதம்மா. மக்களையே கேட்போம். அதுதானே ஜனநாயகம்!" என்றார் அமைச்சர்.

மைதானத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. மரப்பு இடுப்புவரை ஏறி நடக்க முடியாமல் போனவர்களை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். அமைச்சர் மேடையேறினார்.

"பாயசம் வேண்டாம் என்பவர்கள் எழுந்து நில்லுங்கள்!"

முகங்கள் வியர்த்தன. தோள்கள் உந்தின, உந்திக்கொண்டே இருந்தன. இடுப்புக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை.

"ஒருவரும் எழவில்லை. ஏகமனதாக நிறைவேறியது!"

அல்லி தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் மண்ணில் உட்கார்ந்தபடியே, நெஞ்சை நிமிர்த்தி மேடையை முறைத்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, நான் ஒருத்தனாவது எழுந்து நின்னுட்டேன், பாத்தியா? அவர் ஏன் என்னை எண்ணலை?"